குணசேகரனை வைதவர்கள்

செல்லூரில் என் அத்தை வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்குப் பூக் கட்டும் கை நிற்காது; வாய் மட்டும் மாறும். அதுவரை மல்லி விலை பேசிக்கொண்டிருந்தவர், ‘எதிர்நீச்சல்’ சீரியல் தொடங்கியதும் டிவியைப் பார்த்து வையத் தொடங்குவார். “இவனெல்லாம் வெளங்குவானா? கட்டையில போறவன்!” வசவு அதில் வரும் வில்லன் ஆதி குணசேகரனுக்கு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். ஒருநாள் குணசேகரன் வீட்டு மருமகள்களை அதட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மாமா “தண்ணி” என்றார். அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஏன், கை என்ன வெளங்காமயா போச்சு?” என்றார். கேட்டது யாரை என்று அவரும் சொல்லவில்லை, மாமாவும் விசாரிக்கவில்லை. எழுந்துபோய்ச் செம்பில் மோந்துகொண்டார்.

நிழலுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனம் என்று சீரியல் பார்ப்பவர்களைக் கேலி பேசுவது நம்மூரில் படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு. அந்தச் செம்புத் தண்ணீரைப் பார்த்தபிறகு எனக்கு அந்தக் கேலி ஒட்டவில்லை. அத்தைக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் வைய முடிந்தது.

சன் டிவியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஓடிய தொடர் ‘எதிர்நீச்சல்’. இயக்கியவர் திருச்செல்வம். இவரே ‘கோலங்கள்’ (2003-2009) தொடரை இயக்கி, அதில் தொல்காப்பியன் என்ற பாத்திரமாக நடித்தவர். கதை நடப்பது மதுரையில். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நான்கு பெண்கள். நால்வருக்கும் அடுப்படிதான் எல்லை. அப்பத்தா பட்டம்மாளின் 40 சதவீதச் சொத்து யாருக்குப் போகும் என்று ஊரே தன் வீட்டுப் பாகப்பிரிவினை போலப் பேசிய காலம் ஒன்று உண்டு.

உண்மையான தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் வெகுளியையும், அதாவது கோபத்தையும், சேர்த்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. குடிகோள் என்றால் ஒருவரின் சுற்றத்துக்கும் குடிக்கும் செய்யும் கேடு. அலை என்றால் வைதும் அடித்தும் அலைக்கழிப்பது. குணசேகரன் வீட்டில் தினமும் நடந்தவை இவை இரண்டும்தான். குணசேகரனின் தங்கை ஆதிரையை அவள் விரும்பியவனிடமிருந்து பிரித்துக் கரிகாலனுக்குக் கட்டிவைத்த வாரத்தில் அத்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தன் கல்யாணத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் அவர் பேசியதில்லை. ஆதிரை கல்யாணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

1980-களில் மதுரையில் தங்கி ஏழை ரசிகர்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் சாரா டிக்கி, கவலையை மறக்கப் படம் பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னதைத் தன் நூலில் (1993) பதிவு செய்திருக்கிறார். சீரியல் நேர்மாறு. மறந்திருந்த கவலையை வாரத்தில் ஆறு நாள் கிளறிக் கொடுக்கிறது. கிளறுவதற்கு ஒரு பயன் உண்டு. வீட்டு ஆண்களிடம் நேருக்கு நேர் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு முகம் கிடைக்கிறது, அந்த முகம் திருப்பி அடிக்காது.

ஆனால் கோபம்தான் இந்த வியாபாரத்தின் சரக்கு. வியாழக்கிழமைதோறும் வரும் டிஆர்பி கணக்குக்கு வில்லன் தோற்பது நஷ்டம். அதனால் இந்த வாரம் எதிர்த்து நின்ற பெண்கள் அடுத்த வாரம் மறுபடி அடுப்படியில் நிற்பார்கள். வைதவரும் மறுநாள் முதலிலிருந்து வைய வேண்டும். ஆறவிடாமல் கொதிக்க வைத்த கோபம் எங்கே போய்ச் சேரும்? சில சமயம் நடிப்பவர் தலையில் விழும். சினிமா வில்லன் எம்.என்.நம்பியாரைச் சபித்த தலைமுறைக்கு, அவர் ஆண்டுதோறும் சபரிமலை போன குருசாமி என்பது நம்ப முடியாத செய்தியாகவே இருந்தது.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. குணசேகரனாக வந்த மாரிமுத்து அந்தப் பாத்திரத்தை வில்லனாக நடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பந்தியை மேற்பார்வை பார்க்கும் பெரியப்பாவாக நடித்தார். வருசநாட்டுப் பக்கத்து மண்ணின் பேச்சு அவருக்கு நாக்கிலேயே இருந்தது. “இந்தாம்மா ஏய்” என்ற அதட்டல் டீக்கடை வரை போனது. அத்தை மகன் தன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிட்டான். அவளும் சிரித்தாள். அத்தையின் வசவு பக்கத்து வீட்டைக்கூட எட்டவில்லை, அவர் வைத குரலோ எல்லார் வாயிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. நல்ல நடிப்பின் வெற்றி என்று இதைச் சொல்லலாம். பெண்களுக்காகச் சொன்ன கதைக்கு இது தோல்வி என்றும் எனக்குப் படுகிறது.

நிஜத்தில் மாரிமுத்து, ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) படங்களை இயக்கியவர். 2023-இல் ஒரு டிவி விவாதத்தில் சோதிடர்களை எதிர்த்து வாதாடிய பகுத்தறிவுக்காரர். அந்த ஆண்டு செப்டம்பர் 8 காலை, சென்னையில் இதே தொடருக்கு டப்பிங் பேசும்போது மாரடைப்பு வந்து இறந்தார். உடல் தேனி மாவட்டத்துச் சொந்த ஊர் பசுமலைத்தேரிக்குப் போனது. பொழுதன்னிக்கும் அவரைக் கட்டையில் அனுப்பிய அத்தை, செய்தியைக் கேட்டுத் தூணில் சாய்ந்து அழுதார். “நான் வஞ்சதெல்லாம் அவருக்கில்லையே” என்று யாரும் கேட்காமலே சொன்னார். ‘அவன்’ அன்றுதான் ‘அவர்’ ஆனார்.

பிறகு அந்த நாற்காலிக்கு ‘குற்றப்பரம்பரை’ எழுதிய வேல ராமமூர்த்தி வந்தார். மீசையும் கம்பீரமும் குறைவில்லை. ஒன்பதரைக்கு அத்தை பூக்கூடையோடு உட்கார்ந்தார், பத்து நிமிஷம் பார்த்தார், சத்தம் வரவில்லை. என்னத்தே என்றேன்.

“இவரை வைய வாய் வரமாட்டேங்குதுடா” என்று சொல்லிவிட்டு நூலை எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டார்.