முடுக்கம்: பெட்ரோலா, டீசலா? விளம்பர எண்கள் சொல்லாதவை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைகை அணைப் பூங்காவுக்குச் சென்று பாருங்கள். கார்கள் நிற்கும் இடத்தில் இளைஞர் சிலர் வாதாடிக்கொண்டிருப்பது காதில் விழும். "பெட்ரோல் வண்டிதான் பறக்கும்" என்பார் ஒருவர். "டீசல் இழுவைக்கு முன்னால் அது எம்மாத்திரம்?" என்பார் மற்றவர். இருவரும் துணைக்கு அழைப்பவை விளம்பரங்களிலும் கார் இதழ்களிலும் அச்சாகும் எண்களையே. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை நொடி என்பது ஓர் எண்; எஞ்சினின் முறுக்கு விசை இன்னோர் எண். இவ்வெண்கள் பொய்யல்ல. ஆனால் நம் சாலைக்கு வேண்டிய விடையை அவை தருகின்றனவா? இதனையே இங்கு சற்று ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஏற்ற ஒரு சோடி நம் நாட்டிலேயே விற்பனையில் இருந்தது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. என்ற சிறிய கார் 2013 முதல் இரு வகையாக வந்தது. 2014-இல் வந்தவற்றை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1.2 லிட்டர் பெட்ரோல், மற்றது 1.5 லிட்டர் டீசல். இரண்டிலும் டர்போ உண்டு. இரண்டின் உச்சத் திறனும் 105 குதிரைத்திறன், அதாவது சுமார் 77 கிலோவாட். ஆனால் முறுக்கு விசை பெட்ரோலில் 175 நியூட்டன்-மீட்டர், டீசலிலோ 250. பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த 2020 ஏப்ரலோடு டீசல் போலோ நின்றது. 2022-இல் போலோவே நின்றுவிட்டது. எனினும் பழைய கார்ச் சந்தையில் இன்றும் இவற்றைத் தேடி வாங்குவோர் உண்டு. ஆகவே இவ்வாதம் வெறும் பழங்கதை அன்று.

"250 எங்கே, 175 எங்கே! டீசலுக்கு 43 சதவீதம் இழுவை அதிகம்" என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. எதிரே நிற்கும் அணையையே சான்றாகக் கொள்ளுங்கள். நொடிக்கு 5 கன மீட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் திறன் 980 கிலோவாட். நொடிக்கு 1 கன மீட்டர் நீர் 100 மீட்டரிலிருந்து விழுந்தாலும் அதே 980 கிலோவாட்தான். உயரம் மட்டும் திறனைத் தீர்மானிப்பதில்லை. நீரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. இரண்டின் பெருக்கமே தீர்மானிக்கிறது. எஞ்சினிலும் அப்படியே. முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவதே திறன். காரை முன்னே தள்ளும் விசையோ, அந்த நொடியில் எஞ்சின் தரும் திறனைக் காரின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. நடுவில் நின்று பேரம் பேசுவது கியர்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். இரு எஞ்சின்களும் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடுகின்றன என்று கொள்வோம். டீசல் தருவது சுமார் 52 கிலோவாட். பெட்ரோல் தருவது 37 கிலோவாட். காரும் ஆட்களும் சேர்ந்து 1,300 கிலோ. 50 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு ஏற வேண்டும், கியரை மாற்றக்கூடாது. காற்றுத் தடை முதலியவற்றை விட்டுவிட்டால், சமதரையில் டீசலுக்கு 3.7 நொடியும் பெட்ரோலுக்கு 5.3 நொடியும் ஆகும். வேறுபாடு ஒன்றரை நொடிக்குச் சற்று மேல்.

இப்போது அதே காரை ஏற்றத்தில் விடுங்கள். ஆண்டிபட்டிக் கணவாயையோ, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையையோ நினைத்துக்கொள்ளுங்கள். 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்தால், புவியீர்ப்பை வெல்வதற்கே சுமார் 15 கிலோவாட் போய்விடுகிறது. மிஞ்சியதுதான் வேகத்தைக் கூட்டும். டீசலுக்கு 5.3 நொடி, பெட்ரோலுக்கு 9.2 நொடி! திராட்சைப் பாரம் ஏற்றிய லாரி ஒன்றை முந்துகிறீர்கள் என்றால், இந்த நான்கு நொடி வேறுபாட்டில் கார் எதிர்ப்பக்கச் சாலையில் ஏறக்குறைய 70 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் வரலாம். நொடிக் கணக்கு இங்கே உயிர்க் கணக்காகிறது.

அப்படியானால் டீசலே வென்றதா? அவசரப்பட வேண்டாம். கியரை மாற்றக்கூடாது என்ற நிபந்தனையை நாம்தானே விதித்தோம்? பெட்ரோல் காரை ஓட்டுபவர் ஒரு கியரைக் குறைத்து எஞ்சினை 2,860 சுற்றுக்கு ஏற்றினால், அதுவும் அதே 52 கிலோவாட்டைத் தந்துவிடும். இன்னும் குறைத்து 4,000 சுற்றுக்கு ஏற்றினால் 73 கிலோவாட் கிடைக்கும். அதே ஏற்றத்தை நான்கு நொடிக்குள் முடித்துவிடும். டீசல்காரரும் கியரைக் குறைத்தால் இருவரும் ஏறத்தாழச் சமம். ஏனெனில் உச்சத் திறன் இருவருக்கும் ஒன்றே.

இதிலிருந்து தெரிவது என்ன? டீசலின் சிறப்பு அதிக வலு அன்று. கேட்காமலே கிடைக்கும் வலு. பெட்ரோலின் வலு கேட்டால் கிடைப்பது. மேலும், போலோ பெட்ரோலில் இருந்தது 7 கியர்களைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு. டீசலில் இருந்ததோ கையால் மாற்றும் 5 கியர். மிதியை அழுத்தியதும் முன்னது தானாகவே கியரைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஓட்டிப் பார்த்து "பெட்ரோல் வென்றது" என்று எழுதுபவர், உண்மையில் எரிபொருளை ஒப்பிடவில்லை. கியர்ப் பெட்டியை ஒப்பிட்டிருக்கிறார். இத்தகைய ஒப்பீடுகளின் பெருங்குறை இதுவேயாகும்.

பந்தயக் களத்திலும் இக்குறை உண்டு. 2006-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆடி ஆர்10 என்ற டீசல் கார் வென்றது. டீசல் கார் அங்கு வென்றது அதுவே முதல் முறை. ஆனால் அன்றைய விதிப்படி டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு 4 லிட்டர் கொள்ளளவே எல்லை, டீசலுக்கோ 5.5 லிட்டர் வரை இடம் இருந்தது. வெற்றி மெய், ஒப்பீடு சமமன்று.

இனி, டியூன் செய்த டீசல். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு காற்றழுத்தத்துடன் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. அதன் அட்டவணையை மாற்றி எழுதினால் 250 நியூட்டன்-மீட்டரை 300-க்கு மேல் உயர்த்திவிடலாம். நடுச் சுற்றில் கார் துள்ளுவது உண்மையே. ஆனால் விளம்பரம் உச்ச எண்ணை மட்டும் சொல்லும். அது எந்தச் சுற்றில் என்று சொல்லாது. 1,500 சுற்றுக்குக் கீழே டர்போவைச் சுழற்றப் போதிய புகைவேகம் இல்லை. அங்கே எந்த அட்டவணையும் பெரிதாக உதவாது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் சுற்று விழுவதோ சரியாக அந்த இடத்துக்குத்தான்! முதல் கியரிலோ கூடுதல் விசை காரைத் தள்ளாமல் முன்சக்கரத்தை வீணே சுழற்றும்.

விலையும் உண்டு. கிளட்ச், டர்போ, கியர்ப் பெட்டி ஆகியவை பழைய விசைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகிறது. அதைச் சுவாசிப்பவர் பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

பின் எப்படித்தான் ஒப்பிடுவது? பொதுச் சாலையில் அன்று; மூடிய தளத்தில். இரு கார்களிலும் ஒரே பாரம், ஒரே டயர் அழுத்தம். போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். 0-100 மட்டுமின்றி, 50-80 ஓட்டத்தைக் கியர் மாற்றாமலும் மாற்றியும் தனித்தனியே அளக்க வேண்டும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்திலும் அளக்க வேண்டும். இவ்வளவும் சொல்லும் ஒப்பீடே நம்பத் தக்கது.

ஆகவே வாசகரே, அடுத்த முறை "எது வேகமான கார்?" என்று யாரேனும் கேட்டால், உடனே விடை சொல்லிவிடாதீர்கள். "எந்தச் சாலையில், எந்தக் கியரில், எத்தனை பேருடன்?" என்று திருப்பிக் கேளுங்கள். கணவாயில் லாரிக்குப் பின்னால் செல்லும்போதும் இதே கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை உறுதியாகத் தெரியவில்லையென்றால் முந்த வேண்டாம். வைகை அணை அங்கேயேதான் இருக்கும். பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் பார்க்கலாம்.