அப்ரூவரின் வாய்மொழி

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளைக் கண்டவர்கள், அவற்றின் அடியிலுள்ள வட்டெழுத்துகளையும் கண்டிருப்பர். இச்சிலையைச் செய்வித்தவர் இன்னார், இன்ன ஊரினர் என்பதே அவை தரும் செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எளியோரின் பெயர்களையும் கரிசற் சீமையின் குன்றொன்று இன்றளவும் காத்து வருகிறது. அக்குன்றின் அடிவாரத்தில் அமர்ந்து, 719 கொலைகளில் தனக்குப் பங்குண்டு என்று கூறும் ஒருவனின் கதையைப் படித்து முடித்தேன். கொலையுண்டோரில் எத்தனை பேருடைய பெயர் நெஞ்சில் நிற்கிறது? விரல்விட்டு எண்ணவும் இயலவில்லை.

அந்நூல், பிலிப் மெடோஸ் டெய்லர் 1839இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஒரு தக்கரின் வாக்குமூலம்' என்னும் நாவல். வழிப்போக்கரோடு நயமாகப் பேசி உறவாடி, நம்பிக்கை பெற்றபின் கைக்குட்டையால் கழுத்தை நெரித்துக் கொல்வது தக்கர் கூட்டத்தின் முறை. 1830களில் ஸ்லீமன் என்னும் அதிகாரி, பிடிபட்டவர்களுக்கு உயிர்ப்பிச்சை அளித்து அப்ரூவர்களாக்கி, அவர்கள் வாய்மொழியைக் கொண்டே மற்றவர்களைப் பிடித்தார். நாவலின் நாயகன் அமீர் அலியும் அத்தகைய அப்ரூவரே.

டெய்லரின் வெற்றி அமீர் அலியின் பேச்சில் இருக்கிறது. காதலும் வீரமும் கலந்து அவன் சொல்லச் சொல்ல, நாமும் அவனுடன் வழி நடக்கிறோம். அன்று வழிப்போக்கர் மயங்கிய அதே நாவன்மைக்கு இன்று வாசகரும் மயங்குகிறார். அவனை உண்மையில் உலுக்குவது ஒன்றுதான்: அறியாமல் தான் கொன்ற பெண் தன் உடன்பிறந்தவளே என்று தெரியவரும் இடம். மற்றவர்களும் யாரோ ஒருவரின் உடன்பிறந்தோர் என்ற எண்ணம் அவனுக்கு எழுவதில்லை. காட்டிக் கொடுப்பது வேறு, தவ்பா வேறு என்பதை டெய்லர் இவ்விடத்தில் நேர்மையாகக் காட்டியிருக்கிறார்.

குறையும் உண்டு. தொழுகையையும் பவானி வழிபாட்டையும் ஒருங்கே கொண்ட அமீர் அலியை, ஒரு சமுதாயத்தின் மாதிரியாக அயல்நாட்டு வாசகர் கொள்ள இந்நூல் இடந்தருகிறது. இது வெறும் மனக்குறையன்று. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதே ஆயுட்சிறைக்குப் போதும் என்றது 1836ஆம் ஆண்டுச் சட்டம். பிறப்பையே குற்றமாகக் கண்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட, தென்மாவட்டக் குடும்பங்கள் பல அல்லலுற்றன.

கூட்டாளியின் சாட்சியத்தை வேறு சான்றின்றி நம்பலாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் எச்சரித்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனைக் கைவிடவில்லை. நீதிமன்றத்துக்கு உள்ள இந்த விழிப்பு வாசகருக்கும் வேண்டும். நியூயார்க்கில் 1980இல் அரசுச் சாட்சியாக மாறிய ஹென்றி ஹில்லின் கதை, 1985இல் நூலாகவும் 1990இல் திரைப்படமாகவும் வந்து உலகை மயக்கியது. இத்தகைய கதைகள் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் வருகின்றன. அவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். சாட்சியம் ஓர் அமானிதம் என்பதையும், வாய் திறக்க இயலாத இறந்தோருக்கும் அதில் பங்குண்டு என்பதையும் உடனிருந்து எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை.