முதலில் மைக், பிறகுதான் ஸ்பீக்கர்

ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கிவிட்டேன், என்ன ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், அறையின் நீளம், அகலம், உயரம் என்ன என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். ‘பத்துக்குப் பன்னிரண்டு, சீலிங் பத்தடி’ என்ற பதில் அடிக்கடி வரும். நம் வீடுகளில் பழகிப்போன அளவு. ஹைஃபைக்குத் தொல்லை தரும் அளவும் அதுவே. அந்தத் தொல்லையைக் கண்ணால் பார்க்கவைக்கும் கருவி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்ற யூஎஸ்பி மைக். ஹைஃபை அறைக்குப் போடும் பட்ஜெட்டில் முதல் வரியில் இதைத்தான் எழுதவேண்டும் என்பது என் முடிவு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒலியலையின் பாதி நீளம் எதிரெதிர் சுவர்களின் இடைவெளிக்குச் சமமாகும்போது, அந்தச் சுருதி மட்டும் அறைக்குள் அடங்காமல் முழங்கும். பன்னிரண்டு அடிக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57. அகலமும் உயரமும் ஒரே பத்தடி என்பதால், 57-இல் இரண்டு முழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் போகும் பாதையைத் தனியாகப் பின்தொடர்ந்து ரசிப்பவர்கள் ஏராளம். இந்த அறையில் அந்தப் பாதையில் ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கி, பக்கத்து ஸ்வரங்களை மூடிவிடும். ஸ்பீக்கர் ஐம்பதாயிரமோ ஐந்து லட்சமோ, இது மாறாது.

நம் சுவர்களும் இதற்குத் துணைபோகின்றன. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்து அறைச்சுவர் எழுப்புகிறார்கள். அந்தச் சுவர் தானும் அதிர்ந்து கொஞ்சம் பேஸை விழுங்கிக்கொள்ளும். செங்கல் வைத்து சிமென்ட் பூசிய சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை எதையும் விழுங்காது. அதனால், ‘பேஸ் போதவில்லை’ என்று அங்கே குறைசொல்லப்பட்ட சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் நம் அறையில் நிறைவாக ஒலிக்க வாய்ப்பு அதிகம். ஆளுயர டவர் ஸ்பீக்கருக்கு வைத்த பணத்தை இங்கேயே மிச்சப்படுத்தலாம்.

இனி மைக். ஒவ்வொரு யூமிக்-1-க்கும் தனி வரிசை எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால், அந்த மைக்குக்கென்றே தயாரித்த அளவுத் திருத்தக் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஃபோன் செயலிகளுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது. ஃபோன் மைக் பேச்சுக்காக அமைந்தது; கீழ்ச்சுருதிகளில் அது காட்டும் எண்ணை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்யக்கூடாது. கூட வேண்டியது ஒரு லேப்டாப்பும், ஜான் முல்காஹி உருவாக்கிய ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளும். உட்கார்ந்தால் காது எங்கே இருக்குமோ அங்கே மைக்கை நிறுத்தவேண்டும். மென்பொருள் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை ஏறும் ஓர் ஒலியை ஸ்பீக்கர் வழியாக அனுப்பும். சில நொடிகளில் அறையின் மேடு பள்ளமெல்லாம் திரையில் வந்துவிடும்.

என் அறையில் 57-ஐ ஒட்டி, அக்கம்பக்கத்தைவிட 12 டெசிபல் உயரத்தில் ஒரு மேடு நின்றது. முதல் வைத்தியத்துக்குக் காசு வேண்டாம்: நாற்காலியை நகர்த்துவது. நம் வீடுகளில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது வழக்கம். பேஸ் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் அது. சரி என்று நட்டநடுவில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸ் ஏறக்குறையக் காணாமல் போகும். நீளத்தில் சுமார் 38 சதவீதத் தூரத்திலிருந்து தொடங்கி, அரையடி அரையடியாக நகர்த்தி அளந்துபார்ப்பது நல்லது. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். அதையும் நகர்த்தித்தான் சரிசெய்யவேண்டும். மேடுகளை ஈக்வலைசரால் தாழ்த்தலாம். பள்ளத்தை நிரப்பப் பார்த்தால், 10 டெசிபல் ஏற்றவே பத்து மடங்கு பவர் கேட்கும், பள்ளமும் தூராது.

இன்னொரு பயனை நான் எதிர்பார்க்கவில்லை. ஒலி மெல்ல ஏறும்போது ஸ்டீல் பீரோவின் கைப்பிடியும் ஷோகேஸ் கண்ணாடியும் ஒவ்வோர் இடத்தில் கிடுகிடுத்துக் காட்டிக்கொடுத்தன. பல நாள் ஸ்பீக்கரில் கோளாறு என்று சந்தேகப்பட வைத்த சத்தம் அங்கெல்லாம் ஃபெல்ட் துண்டுகளை ஒட்டியதும் ஒழிந்தது.

காசு கேட்கும் வைத்தியம் ராக்வுல் பலகை. நான்கு அங்குலத் தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, நாலுக்கு இரண்டு அடி மரச்சட்டம், மேலே பருத்தித் துணி. ஆசாரி கூலியோடு எட்டுப் பலகைக்கு 25,000 ரூபாய் ஒதுக்கலாம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் ராக்வுல்லைத் தொடவிடாதீர்கள். இழை உதிராதபடி துணியை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். மூலைகளுக்கு முதலிடம். பவானி ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் கைதட்டினால் கேட்கும் எதிரொலியைக் குறைக்கும், பேஸைத் தொடாது: 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர், மெல்லிய துணி அதை என்ன செய்யும்? முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண்வேலை.

ஆகவே, ஒன்றரை லட்சத்தில் மைக்குக்கு ஒரு பன்னிரண்டாயிரம், பலகைகளுக்கு 25,000, ஸ்பீக்கருக்கு 60,000, ஸ்டாண்டுக்கு எட்டாயிரம், ஸ்ட்ரீமிங்கும் ஈக்வலைசரும் உள்ளேயே அமைந்த ஆம்ப்ளிஃபையருக்கு 40,000 என்று நான் பிரிப்பேன். ஆம்ப்ளிஃபையரில் வாட்ஸைத் துரத்தவேண்டாம். 86 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும். நாம் உட்காருவது இரண்டு மீட்டரில். 50 வாட் இந்த அறைக்குத் தாராளம். கேபிளுக்கு மின்சாமான் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். மூன்று மீட்டர் ஓட்டத்தில் போக வர அதன் மின்தடை 0.05 ஓமைக்கூடத் தாண்டாது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மிச்சத்தில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சரிபார்த்துவிடுங்கள்.

மைக்கில் குறைகள் உண்டு. கூடவரும் குட்டி ஸ்டாண்ட் காது உயரத்துக்கு எட்டாது. உயரமான ஒன்றைத் தனியாகத் தேடவேண்டும். மென்பொருளின் திரையில் பொத்தான்கள் நிறைந்து கிடக்கும். முதல் வாரம் திகைப்பாகத்தான் இருக்கும். கோட்டை நேராக்கியே தீருவது என்று இறங்கிவிட்டால் பாட்டுக் கேட்கும் நேரம் போய்விடும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய மேடுகளைத் தணித்தால் போதும், அதற்குமேல் காதை நம்பலாம்.

அறை ஒருமுறை அமைந்துவிட்டால் மைக்குக்கு வேலை அரிது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொள்ளுங்கள், தலைக்கு மூவாயிரம்தான் ஆகும். ஸ்பீக்கர் கடைக்குப் போவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.