பத்தாயிரத்தில் ஒன்று

2022 ஏப்ரல் 2 இரவு, மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்ட வானத்தில் நெருப்புக் கோடுகள் ஓடின. பிறகு பார்த்தால், லாட்போரி கிராமத்தின் வெட்டவெளியில் ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் கிடந்தது. சீன ராக்கெட் ஒன்றின் பாகமாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருதினார்கள். யாருக்கும் காயமில்லை.

வேலை முடிந்த ராக்கெட் அடுக்கை, அது எங்கே விழும் என்று தீர்மானிக்காமலே விழவிடுவது நெடுநாள் வழக்கம். இதற்கு வலுவான நியாயம் ஒன்று உண்டு. மேலேயே விட்டுவைத்தால் அது செயற்கைக்கோள்களில் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பெருகும். வளிமண்டலமோ செலவில்லாமல் அதைக் கீழே இழுத்து, பெரும்பகுதியை எரித்தும் விடுகிறது. பூமியில் 70 சதவீதம் கடல். விழுந்த துண்டு ஒருவரைக் கொன்றதாக உறுதிசெய்யப்பட்ட பதிவு இதுவரை இல்லை.

ஆனால் எல்லாம் எரிந்துவிடுவதில்லை. டைட்டானியம் தொட்டிகளும் கனத்த வளையங்களும் தப்பி வருகின்றன. ஒரு பொருள் விழுவதால் யாராவது அடிபடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்குள் இருந்தால் போதும் என்பது அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் வைத்திருக்கும் அளவுகோல். அதன் குறை இங்கேதான். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்த்துச் சரி என்கிறது. விழுபவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை. 2022-இல் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் வெளியான ஆய்வு கூட்டிப் பார்த்தது. வழக்கம் இப்படியே தொடர்ந்தால், பத்தாண்டுகளில் ஒருவராவது அடிபடும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம்.

அதே ஆய்வின் இன்னொரு கணக்குதான் என்னை உலுக்கியது. ஜகார்த்தா, டாக்கா, லாகோஸ் இருக்கும் அட்சரேகைகளில் ஆபத்து, நியூயார்க், மாஸ்கோ இருக்கும் அட்சரேகைகளைவிட மூன்று மடங்கு. பூமத்திய ரேகையை ஒட்டிய பாதைகளில் கைவிடப்பட்ட அடுக்குகள் வெப்ப மண்டலத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வருவதுதான் காரணம். ஏவுவது பெரும்பாலும் பணக்கார நாடு. தலையை நீட்டிக்கொண்டு நிற்பது கென்யாவின் முகுகு போன்ற சிற்றூர். 2024 டிசம்பர் 30 அன்று அங்கே 500 கிலோ வளையம் விழுந்தது.

இதில் மன்னிக்க முடியாதது சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட். 20 டன்னுக்கு மேற்பட்ட அதன் மைய அடுக்கே சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. அதை இறக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. 2020 முதல் 2022 வரை நான்கு முறை இப்படி விழுந்தது. முதல் முறை ஐவரி கோஸ்ட் கிராமங்களில் துண்டுகள் கிடைத்தன. இது விபத்தல்ல, வடிவமைப்பிலேயே எடுத்த முடிவு.

இழப்பீட்டுக்கு 1972 ஒப்பந்தம் இருக்கிறது. 1978-இல் அணு உலையோடு விழுந்த சோவியத் செயற்கைக்கோள் கோஸ்மோஸ் 954-க்காகக் கனடா 60 லட்சம் டாலர் கேட்டு, 30 லட்சம்தான் பெற்றது. கனடாவுக்கே பாதி!

மாற்று வழி தெரியாததல்ல. எஞ்சினை மீண்டும் இயக்கி ஆளில்லாக் கடலில் இறக்கலாம். கொஞ்சம் எரிபொருளும் சுமையும் இழக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்படாத மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோளையே 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ பசிபிக்கில் இறக்கிக் காட்டியது. ஆனால் 2017-இல் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து புகழ்பெற்ற பிஎஸ்எல்வியின் மேலடுக்கு, 2024 அக்டோபரில் கட்டுப்பாடின்றித்தான் வட அட்லாண்டிக்கில் விழுந்தது. லாட்போரியைப் பார்த்த நாடு, தன் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் கட்டுப்பாட்டோடு இறங்குவதைக் கட்டாய விதியாக்க வேண்டும். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற நாடுகளிடமும் அதையே கேட்க வேண்டும்.