வளையத்தில் ஜெயித்தவர் தெருவில் ஜெயிப்பாரா?

குத்துச்சண்டை வீரர்கள் மைக் டைசனும் மிட்ச் கிரீனும் இரண்டு முறை மோதியிருக்கிறார்கள். முதல் மோதல் 1986 மே மாதம், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். பத்து ரவுண்டும் முழுதாக நடந்து, டைசன் புள்ளிக்கணக்கில் ஜெயித்தார். இரண்டாவது மோதல் 1988 ஆகஸ்டில், ஹார்லெமில் ஒரு துணிக்கடை வாசலில், விடியாத நேரத்தில். டைசன் அப்போது உலக ஹெவிவெயிட் சாம்பியன். வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது. கிரீனுக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டது. டைசனுக்கு வலது கை எலும்பில் விரிசல் விழுந்தது. ஃபிராங்க் புரூனோவுடன் நடக்கவிருந்த பட்டப் போட்டி தள்ளிப்போனது.

அதே இரண்டு பேர், களம் மட்டும் வேறு. பயிற்சியும் போட்டியும் நிஜச் சண்டைக்குக் கைகொடுக்குமா என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. தூரத்தைக் கணிப்பது, அடி வாங்கினாலும் பதறாமல் நிற்பது, எதிராளி அசைவதற்குள் குத்துவது என வளையத்தில் பழகியதெல்லாம் தெருவிலும் டைசனுக்கு உதவியது. ஆனால் அந்தக் கை துணிக்கட்டுக்கும் கையுறைக்கும் உள்ளே இருந்தே பழகிய கை. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் என்ன ஆகும் என்பதை எந்த ரவுண்டும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

சண்டைக்குத் தயார்படுத்துவது எது என்பதை முதலில் பார்ப்போம். டோக்கியோவில் 1882-ல் கோடோகான் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஜூடோவை உருவாக்கியபோது ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். குத்து, உதை போன்ற ஆபத்தான உத்திகளைக் கட்டா எனப்படும், முன்பே வகுத்த அசைவு வரிசைகளுக்குள் ஒதுக்கினார். மிச்சமிருந்த வீச்சுகளையும் பிடிகளையும் முழு பலத்தோடு எதிர்த்து நிற்கும் ஆளிடம் தினமும் போட்டுப் பார்க்க வைத்தார். இதுதான் ரண்டோரி. உத்தி குறைந்தது, கலை கூர்மையானது. ஏனென்றால் பிடியை உதறுகிறவனையும் நகர்ந்துகொண்டே இருக்கிறவனையும் தூக்கி எறியப் பழகினால்தான் அந்த வீச்சு உடம்பில் ஏறும்.

கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடமிருந்து அந்தப் பயிற்சிமுறை கிரேசி குடும்பத்துக்கு வந்தது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில், பல தற்காப்புக் கலைஞர்களை மோதவிட்ட முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. எட்டுப் பேர், எடைப் பிரிவு கிடையாது, நடுவர் போடும் புள்ளிகளும் கிடையாது. கடிப்பது, கண்ணைத் தோண்டுவது போன்ற சில தடைகள் மட்டும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். மூன்று சண்டைக்கும் சேர்த்து ஆன நேரம் ஏறக்குறைய ஐந்து நிமிடம். முதலில் வந்த குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டியிருந்தார். கீழே விழுந்து, மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்ததும் எப்படி எழுவதென்று தெரியாமல், பூட்டு எதுவும் விழும் முன்பே தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். போட்டியை ஏற்பாடு செய்தவர்களில் ராய்ஸின் அண்ணன் ரோரியனும் ஒருவர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அந்த இரவு சொன்ன செய்தி மாறாது. எதிர்ப்பைச் சந்தித்துப் பழகிய எளிய பிடி, எதிர்ப்பையே சந்திக்காத ‘உயிர்குடிக்கும்’ உத்தியை ஜெயிக்கும்.

அதற்காகப் போட்டியைத் தெருவுக்கான ஒத்திகை என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு விதியும் உடம்பில் ஒரு பழக்கத்தை விதைக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, கராத்தே ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் உயரத் தூக்கி விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தங்கம் கஞ்சாதேவுக்கு. அளவு மீறிய வேகத்தில் உதைத்ததற்காக ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அடியைக் கட்டுப்படுத்துவதும் அந்த விளையாட்டில் ஒரு திறமை, ஆகவே விதிப்படி தீர்ப்பு சரியே. ஆனால் அடியை இழுத்துப் பிடிக்கவே ஆண்டுக்கணக்கில் பழகிய கால், ஆபத்து நேரத்திலும் முதலில் அதைத்தான் செய்யப் பார்க்கும். நம் சிலம்பத்திலும் தொடுமுறையில் தொட்டால் புள்ளி. தொட்ட பிறகும் எதிராளி நிற்காமல் வந்தால் என்ன செய்வது என்பது தனிப் பாடம்.

கிரேசியின் தரைப்பிடிக்கும் இதே எல்லை உண்டு. டென்வரில் எதிராளி ஒருவர்தான். தெருவில் ஒருவனைக் கீழே போட்டுப் பூட்டுகிறபோது அவன் கூட்டாளி தலையில் உதைப்பான். கத்தி வந்தால் கணக்கே வேறு. முய்தாய் சாம்பியன் அலெக்ஸ் காங், 2003-ல் சான்பிரான்சிஸ்கோவில் தன் காரை இடித்துவிட்டு நிற்காமல் போனவனைத் துரத்திப் போனார். அந்த ஆள் துப்பாக்கியால் சுட்டதில் காங் உயிரிழந்தார். அவர் திறமையில் குறை சொல்ல யாராலும் முடியாது. துரத்தலாமா, விட்டுவிடலாமா என்று முடிவெடுப்பதற்கு எந்த ஜிம்மிலும் பெல்ட் தருவதில்லை.

ஆகவே பிள்ளைகளைக் கராத்தே, சிலம்பம், குத்துச்சண்டை வகுப்பில் சேர்க்கிற பெற்றோர் கிரேடிங் எப்போது, கருப்புப் பட்டை எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பார்ட்னர் சும்மா நின்று கொடுக்கிறாரா, தப்பிக்கவும் திருப்பித் தாக்கவும் முயல்கிறாரா? பாதுகாப்புக் கவசத்தோடு ஸ்பாரிங் உண்டா? தன்னைவிட எடை கூடியவரிடம் சிக்கினால் விடுபட்டு ஓடப் பழக்குகிறார்களா? சத்தம் போடுவதையும் இடத்தைவிட்டு அகல்வதையும் பாடமாகவே நடத்துகிறார்களா?

கட்டா அழகான கலை. உடம்பைச் சீராக்கும், மனதை ஒருமுகப்படுத்தும். அதற்காக ஒருவர் வாழ்நாள் முழுக்க அதைப் பயிலலாம், அதில் குறையே இல்லை. ஆனால் காற்றில் குத்துவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ‘இனி உன்னை யாரும் தொட முடியாது’ என்று ஒரு பதினாலு வயதுப் பெண்ணை நம்ப வைப்பது துரோகம். அந்த நம்பிக்கை பொய்க்கிற நாளில் விலை கொடுக்கப்போவது மாஸ்டர் அல்ல, அவள்தான். போட்டி அவளுக்கு முழுப் பாதுகாப்பைத் தராது. ஆனால் தன் உத்தியில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற உண்மையை தெருவில் அடிபடும் முன்பே, நடுவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிவிடும். அந்த உண்மையை மாணவருக்குக் கொடுக்கத் தயங்கும் வகுப்பு, ‘தற்காப்பு’ என்ற பலகையை வாசலில் மாட்டக் கூடாது.