புறக்காழும் அகக்காழும்

தமிழ் விழா மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்றுண்டு. லின்னேயஸுக்கு முன்பே தொல்காப்பியர் உயிர்களை வகைப்படுத்திவிட்டார் என்பது அது. அதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என நிறுத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

பொருளதிகாரத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவின, எறும்பு மூவறிவினது, நண்டும் தும்பியும் நாலறிவின. இன்றைய விலங்கியலோ எறும்பையும் தும்பியையும் பூச்சி என்னும் ஒரே வகுப்பில் வைக்கும். நண்டை அதிற் சேர்க்காது. தொல்காப்பியத்தின் அளவுகோல் புலனறிவு. உயிரியலின் அளவுகோல் உடலமைப்பும் வழிவழி வந்த உறவும். அளவுகோல் வேறாயிருக்க, இரண்டும் ஒன்றென்பது பொருந்தாது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் செய்த பணி வேறு. 1753-ஆம் ஆண்டு நூலில் செடிகளுக்கும், 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் விலங்குகளுக்கும் இருசொற் பெயரை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். அலுவலகக் கோப்பில் பிரிவின் குறியும் வரிசை எண்ணும் சேர்ந்து நிற்பது போன்றது இது. நம் முருங்கையை வடவர் சஹ்ஜன் என்பர். 'மொரிங்கா ஒலிஃபெரா' என்றால் உலகெங்கும் அதுவே. 'மொரிங்கா' என்பதும் முருங்கை என்னும் சொல்லின் வழி வந்ததே.

எனினும், மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளை லின்னேயஸ் வகுத்த முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது; பெயரிடும் முறையே நின்றது. அவரிடத்தும் கழிவதும் நிற்பதும் உண்டெனில், தொல்காப்பியரிடத்தும் அவ்வாறு தேடுவதே முறை.

அங்கு நிற்பது யாது? புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்னும் பாகுபாடு. இதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகும். இன்றைய தாவரவியலும் இம்மூன்றையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. ஆனால் 'அகக்காழ் என்றால் இருவித்திலை' என முடிப்பது மிகை. சிம்லா மலையில் நாம் காணும் தேவதாரு அகத்தே வயிரம் பாய்ந்தது. ஆயினும் இருவித்திலைத் தாவரமன்று. தொல்காப்பியர் நோக்கியது தண்டை, வித்தையன்று. நோக்கியதைப் பிழையின்றி நோக்கினார், அப்பெருமையே போதும்.

தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தென்னையைப் படத்திலேயே கண்டவர்கள். "தென்னை மரமா, புல்லா?" என அவர்கள் கேட்டால் மேடைப் பேச்சு விடையாகாது. கோடை விடுமுறையில் ஊர் செல்கையில், பழைய வீட்டுப் பனங்கையின் வெட்டுமுகத்தை அவர்களுக்குக் காட்டுவோம். ஓரத்தில் கறுத்து இறுகியும் நடுவில் நெகிழ்ந்தும் இருப்பதை விரலால் தொட்டு அறியட்டும். பின்னர் தேக்கு நிலையையும் காட்டுவோம். நூற்பாவை அதன் பிறகு சொல்லலாம்.