லயமும் பாடியும்

கூடலூரிலிருந்து கலியாணத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன், கரோலினா பக்கம் போகும் பாதையில் நின்று லயங்களைப் பார்த்துவிட்டு, "இன்னுமா மாமா நீங்க இதுலயே இருக்கீங்க?" என்று கேட்டான். கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவனுடைய தாத்தா பிறந்தது இந்த வட்டவளையில்தான், அதே மாதிரி ஒரு காம்பராவில்தான்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது எங்களைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று அதன் தோட்டங்கள் நீளுகின்றன. அங்கே நம்மவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். இங்கே அடையாள அட்டை வாங்கவே 2003 வரை காத்திருந்தவர்களுக்கு இந்தியத் தமிழர் என்று பெயர்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். நாம் லயம் என்பதை அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் பாடி என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வீடு தோட்டத்துடையது, வேலை இருக்கும்வரைதான் கூரை. டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுப்பது என்று 2022இல் முடிவானபோது, ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள் எங்கே போவது என்று நின்றார்கள். இங்கே அப்பா ஓய்வெடுத்தாலும் மகனோ மருமகளோ பெரட்டுக்குப் போனால் காம்பரா கைமாறாது. பெருமைப்படும் ஏற்பாடில்லைதான், ஆனால் கிழவனை வெளியே போ என்று சொல்லும் துரையை நான் வட்டவளையில் கண்டதில்லை.

மழையும் மண்ணும் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரித்தான் நடத்தின. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் மேல் மண் விழுந்து 70 பேர் போனார்கள். வருஷத்தில் 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் எங்கள் ஊரில் இந்த இரண்டு பெயரையும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆகவே, லயத்தைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் உரிமை இந்தியப் பக்கத்துக்குக் கிடையாது.

அந்தப் பையன் பார்க்காமல் போனது மரணாதார சங்கத்தை. மாதச் சம்பளச் சிட்டையில் சேமலாப நிதி 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம் எல்லாம் கழிந்துபோகும் வரிசையில் இதற்கும் ஒரு சிறு தொகை கழியும். எவ்வளவு கடன் இருந்தாலும் அதைப் பற்றி மட்டும் யாரும் முணுமுணுப்பதில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால், செய்தி மேல் கணக்குக்கும் கீழ்க் கணக்குக்கும் போவதற்குள் தகரக் கொட்டகை எழும்பிவிடும். கதிரை, பெரிய கேத்தல், விளக்கு எல்லாம் சங்கத்துச் சொத்து. பொடியன்கள் பாதை நெடுகிலும் வெள்ளைக் கொடி கட்டுவார்கள், இன்னொரு கூட்டம் மண்வெட்டியோடு குழி தோண்டப் போகும், பெண்கள் முறை வைத்துத் தேத்தண்ணி ஊற்றுவார்கள். பெட்டிக் காசு சங்கத்திலிருந்து வரும். செத்தவர் எந்தத் தொழிற்சங்கம், எந்தச் சாதி என்ற பேச்சு அந்த மூன்று நாளும் கொஞ்சம் அடங்கியிருக்கும். (முற்றாக அடங்கும் என்று சொல்ல மாட்டேன்.) கூடலூரில் என் சித்தப்பா தவறியபோது குளிர்பெட்டி வந்தது, வண்டி வந்தது. ஆட்கள்தான் வந்து, ஒரு வாய் காப்பி குடித்து, பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். அங்கே நான் கண்டது அந்த ஒரு சாவுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

கடைகளில் பெரிய வித்தியாசமில்லை. நம் கடைக்காரர் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு 10ஆம் திகதிச் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார், அங்கே அது நோட்டு. லய வாசலுக்கே பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ அவர்களுக்கு இல்லை. அரிசி தரும் ரேஷன் கடை நமக்கு இல்லை.

அரசாங்கம் என்று வந்தால் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் பேச வேண்டும். கப்பல் ஏறிப் போனவர்கள் ஓட்டுப் போட்டார்கள், தங்கள் தெருவுக்கு உள்ளூர் உறுப்பினரைத் தெரிந்தெடுத்தார்கள். பெண்களுக்கான இலவசப் பஸ் 2024இல் அவர்களுடைய மலைக்கும் வந்துவிட்டது. இங்கே 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணம் போகாதபடி வேலி போட்டிருந்தது. எங்கள் ஓட்டில் தெரிவான உறுப்பினரால் எங்கள் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அம்பகமுவ என்ற ஒரே பெரிய சபையைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட் சபைகளை உண்டாக்கியதும் அதே காலத்தில்தான். கடிதமோ இன்றைக்கும் பல பேருக்குத் தோட்டத்துக் கந்தோர் வழியாகத்தான் வருகிறது.

7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன என்று பையனிடம் சொன்னேன். அவற்றில் பலவற்றுக்குப் பணம் இந்தியா கொடுத்தது என்பதை அவன் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன். 2017இல் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு தருவதாகச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். "அப்போ பட்டா கையில இருக்குல்ல மாமா?" என்று கேட்டான். நாங்கள் உறுதி என்போம் அதை. எத்தனை பேர் கையில் அது இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கலியாண வீட்டுக் கதிரைகளைக் காட்டி, இதெல்லாம் மரணாதார சங்கத்துடையது என்று பேச்சை மாற்றினேன்.